பெனிட்டா வைத்த மூன்று எட்டு

எங்கள் மையத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் போன மாதம் என்னை அழைத்து ஒரு செல்போனைக் காட்டினார்கள். குழந்தை நடப்பதை அதில் படம் பிடித்தால் போதும். இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டின் மேலும் ஒரு பச்சைப் புள்ளி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோணம் எவ்வளவு, எட்டு எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் காலத்தில் இதையெல்லாம் எப்படி மேடம் அளந்தீர்கள் என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறிப் போனதே தவிரப் பேச்சு முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அப்படி எழுதியதுதான் இது.

என் பெயர் சாந்தகுமாரி. சைதாப்பேட்டைக்காரி. பிசியோதெரபிஸ்டாக முப்பது வருஷத்துக்குப் பக்கமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்தத் தசை எந்த எலும்பில் ஆரம்பித்து எந்த எலும்பில் முடிகிறது என்று எலக்ட்ரிக் ட்ரெயினில் நின்றபடி மனப்பாடம் செய்ததுதான் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு தி. நகரில் ஒரு கிளினிக்கில் ஒன்பது வருஷம். முட்டி வலிக்கார அம்மாக்கள், பக்கவாதம் வந்த பெரியவர்கள். குழந்தைகளோடு வேலை பார்க்க வேண்டும் என்ற லட்சியமெல்லாம் எனக்கு இருந்ததில்லை. மந்தைவெளியில் வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் மூன்று மணிக்கு வேலை முடியும் என்று கேள்விப்பட்டேன். என் மகன் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். அதற்காகத்தான் மாறினேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் மைதிலி. குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். என்னைவிட ஆறு வயது இளையவர். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கூடவே பேச்சில் 'ங்கோ' கூடிப் போகும். "இதை ஒரு தரம் பாருங்கோ" என்று மெல்லச் சொன்னால் நாங்கள் பயந்துவிடுவோம்.

காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பாய் விரித்த அறைக்குத்தான் போவார். மண்டி போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை வைத்துத் தரை குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பார். குளிர்ந்த தரையில் கால் பட்டால் தசை இறுகுகிற குழந்தைகள் உண்டு. பிறகு ஸ்டாப்வாட்சை அழுத்தி, தன் கைக்கடிகாரத்தோடு ஒரு நிமிஷம் ஒப்பிட்டுப் பார்ப்பார். மதிப்பெண் தாளைப் பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். அழிக்கும் வெள்ளை மை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வரக் கூடாது.

நாங்கள் அளந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை படுத்த நிலையில் இருந்து குதிப்பது வரைக்கும் பல அசைவுகள் கொண்ட ஒரு நீளப் பட்டியல். ஒவ்வோர் அசைவுக்கும் சைபரில் இருந்து மூன்று வரை மதிப்பெண். அசைவைத் தொடங்கவே இல்லை என்றால் சைபர். தொடங்கினால் ஒன்று. பாதியில் நின்றால் இரண்டு. முழுதாகச் செய்தால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு தரலாம். பேசலாம், பொம்மையைக் காட்டி ஆசை காட்டலாம், பாட்டுப் பாடலாம். தொடக் கூடாது. விழப் போகிறது என்றால் பிடிக்கலாம், ஆனால் பிடித்தால் அந்த வாய்ப்புப் போய்விட்டது. கேட்கச் சுலபம். நான் தெரபிஸ்ட். ஒன்பது வருஷமாகத் தொட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். தொடாமல் நிற்க எனக்கு இரண்டு மாதப் பயிற்சி தேவைப்பட்டது.

அந்தப் பயிற்சியில் ஒரு நாள், எழுந்து நிற்கவே மாட்டேன் என்று அடம் பிடித்த ஒரு சின்னப் பெண்ணுக்கு நிற்கும் அசைவுகள் எல்லாவற்றிலும் சைபர் போட்டுத் தாளை மூடினேன். பாயைச் சுருட்டும்போது அவள் என் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைப் பிடிக்க ஸ்டூலைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். பரிசோதனை முடிந்துவிட்டதே, இதை எழுதலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டீர்களா என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் பரிசோதனை முடியவில்லை, எழுதுங்கள் என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் விதி. பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே. அவர் இதை வாயால் சொன்னதில்லை. நடந்துகொண்ட விதத்தில் எங்களுக்குப் புரிந்தது.

பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. கேள்வி எளிமையானது. வாரத்தில் மூன்று நாள் மையத்துக்கு வந்து எங்கள் கையால் பயிற்சி பெறும் குழந்தைகள் ஒரு பக்கம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மட்டும் வந்து, அம்மாவோ அப்பாவோ கற்றுக்கொண்டு போய், வீட்டு வேலைக்கு நடுவிலேயே அதைச் செய்ய வைக்கும் குழந்தைகள் இன்னொரு பக்கம். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்துக்கும் அசைவுகளில் என்ன வித்தியாசம் இருக்கும்? எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாது. ஒட்டி மூடிய உறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரிசைப்படி ஒன்று பிரிக்கப்படும்.

என் வேலை அளப்பது மட்டும். தொடக்கத்தில், ஆறாம் மாதத்தில், வருஷ முடிவில். நான் அளப்பதை ஒரு பெண் கேமராவில் படம் பிடிப்பாள். எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஒரு பக்கமாகச் சாயும். அதனால் வருகைப் பதிவேட்டைக்கூட என் கண்ணில் படாமல் அலமாரியில் பூட்டி வைத்தார்கள். பெற்றோரிடமும் அளக்கும் மேடத்திடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

ரீட்டா வந்தது அப்போதுதான். பட்டினப்பாக்கம் மீனவர் குடியிருப்பில் வீடு. கணவர் கடலுக்குப் போகிறவர். ரீட்டா கடற்கரைச் சாலையில் மீன் விற்றாள். இடுப்பில் நான்கு வயசுப் பெண், பெனிட்டா. குறைமாதத்தில் பிறந்தவள். மூளை முடக்குவாதம். தூக்கி நிறுத்தினால் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போட்டுக்கொள்ளும். உட்கார வைத்தால் இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டுதான் உட்காருவாள். வாய் மட்டும் நிற்காது.

ரீட்டா டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"நடப்பாளா மேடம்? அத்த மட்டும் சொல்லு."

தெரியவில்லை என்று டாக்டர் மைதிலி சொன்னார். சமாதானமாக எதையும் சேர்க்கவில்லை. ஆராய்ச்சியில் சேர எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ரீட்டா கேட்டாள். இதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லாம் தெரிந்த மாதிரியே பேசினார்கள், இவர்தான் தெரியாது என்று சொன்னார், அதனால்தான் கையெழுத்துப் போட்டேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

முதல் அளவின்போது பெனிட்டா பாயில் குப்புறக் கிடந்தாள். பெஞ்சு மேல் ஒரு சிவப்புப் பந்து. அதை எடுக்க எழுந்து உட்கார வேண்டும். இரண்டு முறை முயன்று சரிந்தாள். நான் ஓர் அடி தள்ளி நின்று அவள் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். அவள் கன்னத்தைப் பாயில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, உனுக்குக் கை இல்லியா?"

கேமரா பிடித்த பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தப் பதிவில் படம் ஆடியிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியோடு அவள் என் மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கலாம் என்று கடற்கரைச் சாலைப் பக்கம் போனேன். ரீட்டா கூப்பிட்டாள். அவள் பக்கத்தில், மீன் அடுக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டியில், கிரேட் என்பார்கள், பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் சுருட்டிய சாக்கு. ரீட்டா ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் பையை மகளுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு பக்கமாக வைத்தாள். பெனிட்டா இடுப்பைத் திருப்பி, ஒரு கையை ஊன்றி, மறு கையால் எட்டிப் பையை எடுத்து வாங்க வந்தவர்களிடம் நீட்டினாள். எத்தனை முறை செய்தாள் என்று எண்ண முடியவில்லை. மையத்தில் ஓர் அமர்வில் நாங்கள் பத்துத் தடவை செய்ய வைக்கப் படாத பாடு படுவோம். இங்கே அவள் வியாபாரம் செய்துகொண்டிருந்தாள்.

ரீட்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தரம்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள், மற்றதெல்லாம் நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் காதில் விழாத மாதிரி கூடையில் இருந்த சங்கரா மீனைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையிலேயே நான் டாக்டரிடம் போய், இந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் விதி. சொல்லவில்லை. புது ஆளைப் பார்த்தால் குழந்தை மிரளும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அந்தக் குழந்தை முன்னேறுவதை நானே பார்க்க ஆசைப்பட்டேன். அந்த கிரேட் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆறாம் மாத அளவு. பெனிட்டா மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். பின்னால் நாடா வைத்துக் கட்டும் கவுன். கையை ஊன்றாமல் உட்கார்ந்தாள், முழு மதிப்பெண். உட்கார்ந்தபடி திரும்பிப் பின்னால் இருந்த பொம்மையை எடுத்தாள், முழு மதிப்பெண். பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றாள். அதுவே பெரிய விஷயம். கடைசியில் நடை. எதையும் பிடிக்காமல் மூன்று எட்டு வைத்தால் இரண்டு மதிப்பெண், பத்து எட்டு வைத்தால்தான் மூன்று. முதல் வாய்ப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் பெஞ்சை விட்டாள். நான் பக்கவாட்டில் ஒட்டி நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டேன்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ரீட்டா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். தாளில் இரண்டு என்று எழுதினேன். மறுநாள் ரீட்டா எங்கள் எல்லோருக்கும் கேக் கொண்டு வந்து கொடுத்தாள். அதுவரை மையத்துக்கு வந்தே இராத அவள் கணவர் அன்றைக்கு வந்தார். மகளை நிறுத்திவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் நிற்கவில்லை, அவர் மேலேயே சாய்ந்தாள். புது இடம், கூச்சமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார்.

எங்கள் முறையில் ஒவ்வொரு பதிவையும் இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். நான் நேரில் எழுதியதைப் பார்க்காமல் டாக்டர் மைதிலி படத்தைப் பார்த்து எழுதுவார். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அடுத்த வாரம் புதன்கிழமை அப்படிப் பார்த்தபோது, நடை என்ற வரியில் என்னுடையது இரண்டு, அவருடையது சைபர்.

"சாந்தகுமாரி, இதை என்னோட உக்காந்து ஒரு தரம் பாருங்கோ" என்றார். குரல் இறங்கியிருந்தது.

பார்த்தேன். எனக்கு மூன்று எட்டுதான் தெரிந்தது. மறுபடி ஓட்டினார். அப்போதும் அதேதான். மூன்றாம் முறை பாதியில் நிறுத்தி, திரையில் மஞ்சள் கவுனின் இடுப்புப் பக்கத்தைப் பேனா முனையால் காட்டினார்.

"இந்த நாடா ஏன் விறைப்பா இருக்கு?"

நாடா தொங்கவில்லை. கம்பி மாதிரி நேராகப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மறுநுனி என் இடது கையில் சுற்றியிருந்தது. நான் பிடித்தது எனக்கே தெரியாது. இன்றைக்கும் அதை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், அந்தக் கையில் துணி இருந்த உணர்வே இல்லை. ஆனால் படத்தில் இருக்கிறது. அந்த நாடாவை நான் பிடிக்காமல் இருந்திருந்தால் பெனிட்டா முதல் எட்டிலேயே விழுந்திருப்பாள்.

"நீங்க வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். ஆனா இது ரெண்டு இல்லை" என்றார்.

அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. கடற்கரைச் சாலையில் பார்த்ததையும், எந்தப் பக்கம் என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நான் சொல்லி முடித்ததும் திரையை அணைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளி, இப்போது சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். அதைக் கோப்பில் வைத்துவிட்டு பெனிட்டாவின் மருத்துவக் கோப்பை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. அவர் முகம் மாறியதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். இந்தக் குழந்தைகளுக்குக் கால் தசைகள் இழுத்து இழுத்து, தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் கிண்ணத்தில் இருந்து மெல்ல வெளியே நழுவும். முதலில் வலி இருக்காது, வெளியே தெரியவும் தெரியாது. எக்ஸ்ரேயில்தான் தெரியும். தானாக நடக்கிற குழந்தைக்கு அந்த ஆபத்துக் குறைவு. நடக்காத குழந்தைக்கு அதிகம், அடிக்கடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். என்னுடைய இரண்டை நம்பி, தானாக எட்டு வைக்கும் குழந்தை என்று மையத்தில் பெனிட்டாவை வேறு வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மாதம் எடுக்க வேண்டிய எக்ஸ்ரே அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. தள்ளி வைத்ததில் டாக்டர் மைதிலியின் கையெழுத்து இருந்தது, மதிப்பெண் இல்லாமல் புதுத் தேதி மட்டும் எழுதியிருந்த பக்கத்தில் அவர் போட்டது. அவர் அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். புதிய எக்ஸ்ரே சீட்டு எழுதினார்.

ரீட்டாவிடம் தானே பேசுவதாக டாக்டர் சொன்னார். நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கூட வந்து உட்கார்ந்தார். நான் படத்தைப் போட்டுக் காட்டினேன். நாடாவைக் காட்டினேன். ரீட்டா மூன்று முறை பார்த்தாள்.

"அவுங்கப்பா போட்ல கீறவங்களுக்கெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. எம் பொண்ணு நடந்துட்டான்னு. இப்ப நா போயி இன்னான்னு சொல்றது?"

நான் எக்ஸ்ரே சீட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எக்ஸ்ரே சீட்டு மேஜையிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பதினைந்து நாள் முறையும் தவறியது. போன் எடுக்கவில்லை. நான் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனேன். முதல் முறை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் முறை போனபோது அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். மூன்றாம் முறை ரீட்டா இருந்தாள். பெனிட்டா அதே நீலக் கிரேட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கையைக் குவித்து, இன்னொரு கையை மடக்கி அதற்குள் வைத்து, உருண்டை எப்படி நழுவும் என்று காட்டினேன்.

"நான் தப்பா எழுதுனதாலதான் எக்ஸ்ரே தள்ளிப் போச்சு ரீட்டா. கோவத்த என் மேல வச்சிக்க. எத்தினி நாள் வேணா வச்சிக்க. எக்ஸ்ரே மட்டும் எடுத்துடு."

ரீட்டா கத்தியைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்து, மடக்கிய கையை அவளே கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்த்தாள்.

"வலிக்குமா அவளுக்கு?"

"இப்ப வலிக்காது. விட்டுட்டா பின்னாடி ரொம்ப வலிக்கும்."

பக்கத்துப் பெண்ணிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கையைக் கழுவினாள். மகளைத் தூக்கிக்கொண்டு, மேலெல்லாம் மீன் செதிலோடு அப்படியே என்னோடு ஆட்டோவில் ஏறினாள். பெனிட்டாதான் ராஜா அண்ணாமலைபுரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் இடம் வரும் வரைக்கும் எல்லாக் கடைப் பெயரையும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இடது பக்க உருண்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே வந்திருந்தது. பெரிய அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார். இறுகிய தசைகளை விடுவித்தால் இப்போதைக்குப் போதும், இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் எலும்பையே வெட்டித் திருப்ப வேண்டியிருக்கும் என்றார். சரியான நேரம் என்று அவர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரீட்டா அவரிடம் எதையும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கால்களை அகட்டி வைத்து மாவுக் கட்டு. அந்த ஆறு வாரமும் மகளை அவள் அப்பாதான் தூக்கிக்கொண்டு திரிந்தார். கட்டோடு சேர்த்து இரண்டு மடங்கு கனம். கடலுக்குப் போகாத நாளில் கரையில் படகு மேல் உட்கார வைத்துக்கொள்வாராம். மகள் நடந்தாள் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்ததை எப்படித் திருத்தினார் என்று ரீட்டாவைப் பிற்பாடு கேட்டேன். அவர் திருத்தவே இல்லையாம். ஆபரேஷன் முடிந்ததும் நடப்பாள் என்று மட்டும் சொன்னாராம். யாரும் மேலே கேட்கவில்லை.

மையத்தில் எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். டாக்டர் மைதிலி என் தவறை ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கும் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்தார். என் பெயரைச் சொன்னார். எக்ஸ்ரேயைத் தள்ளி வைத்த தன் கையெழுத்தையும் அதே கடிதத்தில் சொன்னார். அதுவரை நான் அளந்த எல்லாக் குழந்தைகளின் படங்களையும் வெளியில் இருந்து ஒருவர் வந்து முதலில் இருந்து பார்த்தார். இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் நான் யாருடனும் சேர்ந்து சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று கடிதம்கூட எழுதி வைத்தேன். மற்ற எல்லா அளவும் சரி, அந்த ஒரு வரிதான் தப்பு என்று முடிவு வந்தது. டாக்டர் வந்து சொல்லிவிட்டு, நாளைக்கு ஒன்பது மணிக்கு ஒரு புதுக் குழந்தை வருகிறது, நீங்கள்தான் அளக்க வேண்டும் என்றார். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவர் என்னை மன்னித்தேன் என்று சொன்னதே இல்லை. அளக்கும் வேலையைத் திரும்பக் கொடுத்தார். அதற்காக நான் அவருக்கு ஆயுளுக்கும் நன்றி சொல்ல வேண்டியவள். பெனிட்டாவை மட்டும் நான் மறுபடி அளக்கவில்லை.

வருஷம் முடிந்தது. கணக்கெல்லாம் பார்த்து முடித்து, பெற்றோர்களை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்து டாக்டர் முடிவைச் சொன்னார். இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் முன்னேறியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

எங்கள் இளம் தெரபிஸ்டுகளுக்கு முகம் தொங்கிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் வியர்க்க வியர்க்க உழைத்தவர்கள் அவர்கள். எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. பின்வரிசையில் இருந்து ரீட்டா எழுந்தாள். மாவுக் கட்டு பிரித்த பெனிட்டா அவள் மடியில் இருந்து இறங்கி நாற்காலியைப் பிடித்து நின்றாள்.

"அப்போ எங்க கையும் உங்க கையும் ஒண்ணுதானா மேடம்?"

டாக்டர் மைதிலி யோசித்தார். யோசிக்காமல் அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை.

"கத்துண்டு ஒழுங்கா செஞ்சா, ஒண்ணுதான்."

அந்த அறையில் இருந்த அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் மறக்க மாட்டேன். வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்தவர்கள் அதில் இருந்தார்கள். வர முடியாத நாளில் குழந்தைக்குத் துரோகம் செய்கிறோம் என்று குமைந்தவர்கள் இருந்தார்கள். அடுத்த மாதத்தில் இருந்து மையத்தின் முறையே மாறியது. தூரத்தில் இருப்பவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றானது. நாங்கள் கையால் செய்கிறவர்களாக இருந்து கற்றுக் கொடுக்கிறவர்களாக மாறினோம். வித்தியாசம் இல்லை என்ற ஒரு முடிவுக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெனிட்டா இப்போது கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். தானாக நடக்கவில்லை. பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் வாக்கரோடு நடக்கிறாள், வேகமாகவே நடக்கிறாள். இடுப்பு வலி இல்லை. மழை நாளில் பஸ் ஸ்டாப்பில் வாக்கர் சக்கரம் மாட்டிக்கொள்வதுதான் அவளுடைய பெரிய புகார். மாநகராட்சிக்கு அவள் எழுதிய கடிதத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அதில் பள்ளங்களின் ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்து குறித்திருந்தாள். படித்துவிட்டு வெகு நேரம் சிரித்தேன்.

ரீட்டாவுக்கு என் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை. சில வருஷங்களாக அவள் புதன்கிழமைகளில் வியாபாரம் முடித்துவிட்டு மையத்துக்கு வந்து புதிதாக வரும் அம்மாக்களோடு உட்கார்ந்து பேசுவாள். டாக்டர்தான் கேட்டுக்கொண்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய புதன்கிழமை, அசோக் நகரில் இருந்து ஓர் இளம் அம்மா இரண்டு வயசு மகனோடு வந்திருந்தாள். அளக்க ஆரம்பித்தேன். குழந்தை பாயில் கிடந்து சிணுங்கினான், எழுந்து உட்காரத் தொடங்கவே அவனால் முடியவில்லை. நான் ஓர் அடி தள்ளி நின்றேன். அந்த அம்மா பொறுக்க மாட்டாமல் எழுந்து வரப் பார்த்தாள். ரீட்டா அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள். தொடாமல் நிற்பது அந்த மேடத்துக்கும் கஷ்டம்தான், ஆனால் தொட்டால் நம் பிள்ளைக்குத்தான் கெடுதல் என்று அவள் காதருகே மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. மூன்று வாய்ப்பும் முடிந்தது. நான் தாளில் எழுதினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"சைபர் போட்டுட்டாங்களே. சைபர்னா என்ன அர்த்தம்?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ரீட்டா முந்திக்கொண்டாள்.

"இன்னிக்கு இல்லன்னு அர்த்தம்."

அதைவிடச் சரியான விளக்கம் என்னிடம் இல்லை. குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த அசைவுக்காகப் பாயைச் சரி செய்தேன்.